நாம், நாங்கள்

மணிக்கு எண்பது வெள்ளி.
பிடோக் சமூக மன்றத்தின் இரண்டாம் தளத்தில்
கண்ணாடிக் கூண்டுக்குள் எனக்கொரு நாற்காலி, ஒலிவாங்கி,
மூடி திறக்காத தண்ணீர்ப் போத்தல்.
வெளியே முப்பத்து நான்கு பாகை.
உள்ளே குளிருக்கு முக்காடு போட்டுக்கொண்டு
புவி சூடாவதைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அதிகாரி நல்லவர். பேச்சில் தூசி இல்லை.
திரையில் ஒரு நீலம் ஆண்டுக்கு ஆண்டு
கரையை நக்கிக்கொண்டு மேலேறியது.
வெள்ளம் என்று சொல்ல வாய்வரை வந்தது எனக்கு.
கொடுத்த சொற்பட்டியலில் வெள்ளம் இல்லை,
'நீர் தேங்குதல்' இருந்தது.
அவசரத்தில் 'நீர்த்தேக்கம்' என்றுவிட்டேன்.
யாரோ சிரித்தார். குடிக்கலாம் போலிருந்திருக்கும்.

பெரிய சொற்கள் என்னை இடறியதில்லை.
இடறுவது ஆங்கிலத்து 'வீ'.
அது அகலமான குடை,
விளிம்பில் நனைபவர் யாரென்று அங்கே எவரும் பார்ப்பதில்லை.
தமிழ் அப்படி விடாது. வாசலில் நிறுத்திக் கேட்கும்:
எதிரில் இருப்பவரைச் சேர்த்தா, சேர்க்காமலா?
அரை நொடி எனக்கு.

பிளாஸ்டிக் பைகளைக் குறைக்க வேண்டும்: நாம்.
குளிர்சாதனத்தை இருபத்தைந்தில் வைக்க வேண்டும்: நாம்.
ஆலைகளைப் பற்றிப் பரிசீலித்து வருகிறோம்: நாங்கள்.
இலக்கின் ஆண்டைத் தள்ளிவைத்தோம், கடினமான முடிவு:
நாங்கள் என்று தொடங்கி, பாதியில் பயந்து,
'தள்ளிவைக்கப்பட்டது' என்று முடித்தேன்.
எழுவாய் குடியிருக்காத வீடு அது.
யார் வேண்டுமானாலும் ஒதுங்கலாம். நானும்.

மூன்றாம் வரிசையில் ஒருவர் எழுந்தார்.
பொன்னுதுரை டேனியல், ஜூரோங் தீவில்
இருபத்தாறு வருடம் குழாய் பொருத்தியவர்.
"அஞ்சு காசுப் பையைத் துவைச்சுக் காயப்போடுறேன்,
வீட்ல சிரிக்கிறாங்க.
அந்தத் தீவுல ராத்திரி பூரா எரியுதே ஒரு சுடர்,
அதுக்குக் குழாய் வச்சவன்ல நானும் ஒருத்தன்.
சம்பளம் வாங்கினேன், வீடு வாங்கினேன், மறுக்கல.
அதை நாம எப்ப அணைக்கப் போறோம்?"

நீங்க என்று கேட்டிருக்கலாம். அரங்கம் கைதட்டியிருக்கும்.
நாம என்றார்.
எரிகிறவனையும் ஏற்றியவனையும்
ஒரே பாயில் உட்காரவைத்த சொல்.
நான் அதை ஆங்கிலமாக்கினேன்.
'வீ' ஆகிப் போனது.
அதிகாரியின் காதில் மறுபடியும் அந்தக் குடை.

நல்ல கேள்வி என்றார்.
கொண்டுபோகிறோம் என்றார்.
எங்கே என்று சொல்லவில்லை, நான் சேர்க்கவும் இல்லை.
'மொழிபெயர்ப்பாளர் சொந்தக் கருத்தைக் கலக்கக் கூடாது.'
ஒப்பந்தம், பிரிவு நான்கு.
பிறகு கறிபஃப். தேநீர்.
மனநிறைவை ஒன்று முதல் ஐந்துக்குள் வட்டமிடும் படிவம்.

திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது.
சுரங்கநடையில் கணுக்கால்வரை நீர்.
காலணியைக் கையில் எடுத்துக்கொண்டு
அதற்கு என்ன பெயரிடலாம் என்று யோசித்தபடி நடந்தேன்.

ஒவ்வொரு தேர்தலிலும் வரிசையில் நின்றிருக்கிறேன்.
வாக்கு கேட்டு வந்தவர்களிடம்
லிஃப்ட் ஏன் அடிக்கடி நிற்கிறது என்று கேட்டேன்,
கார் நிறுத்தக் கட்டணம் கேட்டேன்,
புறாத் தொல்லை கேட்டேன்.
கடலைக் கேட்டதில்லை.
சன்னலைத் திறந்தால் தெரியும் தூரத்தில்தான் இருக்கிறது,
கப்பல்கள் விளக்கேற்றி வரிசையில் நிற்கின்றன.
சன்னலைத் திறப்பதில்லை. குளிர் போய்விடும்.
பத்தொன்பதில் வைத்திருக்கிறேன்.

இரவே பற்றுச்சீட்டு எழுதினேன்.
ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு: இரண்டு மணி நேரம்.
தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு: ஒரு கேள்வி.
அதற்குத் தொகை போடவில்லை.
அது இன்னும் போய்ச் சேரவில்லை.